எல்-1: எந்தப் பட்டியலின் முதல்?

2023ஆம் ஆண்டு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ‘எல்-1’ என்ற குறியை மூன்று மாத இடைவெளியில் இருமுறை ஊரறியச் சொன்னது. மே 29 அன்று ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோள், எல்-1 அலைவரிசையிலும் சைகை அனுப்பும் என்றது. செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்-1 புறப்பட்டது. நிறுவனம் ஒன்று, ஏவுதளம் ஒன்று, குறியும் ஒன்று. ஆனால் முதலாவது எல்-1 ஒரு வானலை; இரண்டாவது விண்வெளியில் ஓர் இடம். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அதே குறி பொதுப்பணித் துறை அலுவலகத்தில் ஒப்பந்ததாரர்களின் பேச்சில் அன்றாடம் அடிபடுகிறது. முதுகுவலிக்காரரின் ஸ்கேன் அறிக்கையில் இருக்கிறது. அமெரிக்கா செல்பவரின் கடவுச்சீட்டில் ஒட்டப்படுகிறது. காசநோய் ஆய்வாளரின் கட்டுரையில், மின்மோட்டாரின் இணைப்புப் பெட்டியில், கைப்பேசிச் சில்லில் என எங்கும் இருக்கிறது. ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த இந்தச் சின்னஞ்சிறு குறிக்கு எத்தனை பொருள், அவை எப்படி வந்தன, குழப்பம் யார் தலையில் விடிகிறது என்று திரட்டிப் பார்ப்பது வீண்வேலையாகாது. குறியைத் தவறாகப் படித்தால் பணம் போகும் இடங்களும் உண்டு, உடம்பு போகும் இடங்களும் உண்டு.

விண்வெளியிலிருந்தே தொடங்கலாம். சூரியனும் பூமியும் போல ஒன்றையொன்று சார்ந்த இரண்டு பெரும் பொருள்கள் இருக்கும்போது, மூன்றாவதாக ஒரு சிறு பொருள் அவற்றோடு மாறாத அமைப்பில் கூடவே சுற்றிவரக்கூடிய இடங்கள் ஐந்து உண்டு. 1772இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசுக்கு எழுதிய கட்டுரையில் ஜோசப் லூயி லக்ராஞ்சு இதைக் காட்டினார். அதனால் அவர் பெயரின் முதலெழுத்து அந்தப் புள்ளிகளுக்கு நிலைத்தது. ஆனால் ஐந்தில் மூன்றை, அதாவது ஒரே நேர்கோட்டில் அமைந்தவற்றை, அவருக்கு முன்பே 1760களில் லியோனார்டு ஆய்லர் கண்டுவிட்டார். ஆதித்யா போய்ச் சேர்ந்த எல்-1 அந்த மூன்றில் ஒன்று. ஆக, அந்தக் குறியில் உள்ள எழுத்து அதை முதலில் கண்டவருடையது இல்லை.

பொருளிலும் ஒரு பிழை பரவியிருக்கிறது. சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் சமமாகும் இடமே எல்-1 என்று பலர் எழுதினார்கள். இரண்டு ஈர்ப்பும் சமமாகும் இடம் பூமியிலிருந்து சுமார் 2.6 லட்சம் கிலோமீட்டரில், நிலவின் பாதைக்கும் உள்ளே கிடக்கிறது. எல்-1 இருப்பதோ 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால். சூரியனுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும் ஒரு விண்கலம் இயல்பாகப் பூமியைவிட வேகமாகச் சுற்றி முந்திப் போய்விடும். அந்த இடத்தில் மட்டும் பூமியின் இழுப்பு சூரியனின் இழுப்பைச் சரியான அளவு குறைப்பதால், கலமும் பூமியைப் போலவே ஓராண்டில் ஒரு சுற்று வருகிறது. தமிழ்நாட்டின் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக வழிநடத்திய ஆதித்யா, 2024 ஜனவரி 6 அன்று அந்தப் புள்ளியைச் சுற்றிய பாதையில் அமர்ந்தது. கிரகணம் மறைக்காமல் எந்நேரமும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதே அந்த இடத்தின் பயன். முதலில் இந்தத் திட்டத்துக்கு ஆதித்யா-1 என்றுதான் பெயர். பூமிக்கு அருகில் 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதாக இருந்தது. இலக்கு மாறியபோது பெயரில் ஓர் எழுத்து கூடியது. முந்தைய பெயரில் இருந்த ஒன்று, வரிசையில் முதல் கலம் என்பதைச் சொன்னது. இப்போதைய ஒன்று, ஐந்து புள்ளிகளில் எது என்பதைச் சொல்கிறது. எண் அதேதான், அது எண்ணும் பொருள் மாறிவிட்டது.

என்விஎஸ்-01இன் எல்-1 வேறு மரபில் வந்தது. வானலைகளில் 1 முதல் 2 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு எல் என்று பெயர். இரண்டாம் உலகப்போர்க் கால ரேடார் பணியிலிருந்து வந்த எழுத்து அது. அமெரிக்காவின் ஜிபிஎஸ் இந்தப் பட்டையில் தான் எடுத்துக்கொண்ட முதல் அலைவரிசையை எல்-1 என்றது: 1575.42 மெகாஹெர்ட்ஸ். கோளில் உள்ள அணுக்கடிகாரத்தின் அடிப்படைத் துடிப்பான 10.23 மெகாஹெர்ட்ஸின் சரியாக 154 மடங்கு. இதே அலைவரிசையை ஐரோப்பியரின் கலிலியோ அமைப்பு இ-1 என்றும், சீனரின் பெய்தோ பி-1சி என்றும் அழைக்கின்றன. ஒரு குறிக்குப் பல பொருள் என்று பார்க்க வந்த இடத்தில் ஒரு பொருளுக்குப் பல குறி! என்விஎஸ்-01 இடம்பெறும், ஜிபிஎஸ் போன்ற இந்தியாவின் நாவிக் அமைப்பு தொடக்கத்தில் எல்-5, எஸ் ஆகிய பட்டைகளையே பயன்படுத்தியது. கைப்பேசிகளும் கைக்கடிகாரங்களும் பெரும்பாலும் எல்-1ஐக் கேட்கப் பழகியவை என்பதால், நம் அமைப்பு மக்களின் சட்டைப்பைக்குள் வர அந்த அலைவரிசை தேவைப்பட்டது.

இனி மண்ணுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ‘எல்-1 யாரு?’ என்ற கேள்வியை அதிகம் கேட்டது விஞ்ஞானிகள் இல்லை, ஒப்பந்ததாரர்கள். ஒப்பந்தப்புள்ளி திறந்ததும் மிகக் குறைந்த விலை சொன்னவர் எல்-1, அடுத்தவர் எல்-2 என்று வரிசை போகும். ஏலத்தில் மிகக் கூடுதல் விலை கேட்டவர் எச்-1. இங்கே எண் ஓர் இடத்தின் பெயரும் இல்லை, வரிசையில் வந்த நேரமும் இல்லை. பிறர் சொன்ன விலையை வைத்து மட்டுமே பிறக்கும் தரவரிசை. எல்-2 தகுதியிழந்தாலும் எல்-1 எல்-1தான். எல்-1 தகுதியிழந்தால் எல்லாருக்கும் எண் மாறும்.

மிகக் குறைந்த விலை என்பதும் பார்வைக்குத் தெரியும் அளவு எளிதில்லை. தொழில்நுட்ப உறை, விலை உறை என இரண்டு உறைகளில் கேட்கும்போது, முதல் உறையில் தேறியவர்களின் விலையை மட்டுமே திறப்பார்கள். வரி, போக்குவரத்து போன்றவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே வரிசை முடிவாகும். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் இதை ஆள்கின்றன. ஒன்றிய அரசின் கொள்முதலில் இந்த ஒரு குறியைச் சுற்றியே பெரிய கட்டுமானம் எழுந்துள்ளது. குறு, சிறு தொழில் நிறுவனம் ஒன்று எல்-1 விலையைவிட 15 விழுக்காடு வரை கூடுதலாகச் சொல்லியிருந்தால், எல்-1 விலைக்கே இறங்கி வந்து ஒரு பகுதியை வழங்கலாம். உள்நாட்டுத் தயாரிப்பாளருக்கான ஆணையில் அந்த இடைவெளி 20 விழுக்காடு. விலை திறந்த பிறகு பேரம் பேசுவதைத் தவிர்க்க வேண்டும். விதிவிலக்கான நிலையில் பேசினாலும் எல்-1உடன் மட்டும்தான் என்கிறது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம். ஒரு சிறு பட்டறை உரிமையாளர் தனக்குச் சட்டம் தரும் சலுகையைப் பெற வேண்டுமானால், இந்தக் குறியின் பொருள் மட்டும் தெரிந்தால் போதாது, அதைக் கணக்கிடும் முறையும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்-1 முறை தரத்தைக் கொல்கிறது என்ற புகார் நெடுங்காலமாக உண்டு. 2021 அக்டோபரில் ஒன்றிய நிதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சில பணிகளில் தரத்துக்கும் மதிப்பெண் தந்து தேர்வுசெய்ய இடமளித்தன. தரத்துக்கான பங்கு 30 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்போடு. அந்த முறையில் எல்-1 ஆனவர் வேலையைப் பெறாமல் போகலாம். இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். விலை மட்டும் பேசும் வரிசை, ஊழலைத் தடுக்கும் எளிய வேலியாக இருந்தது. பள்ளிக் கட்டடத்துக்கும் பாலத்துக்கும் அந்த வேலி மட்டும் போதவில்லை.

உடம்பில் உள்ள எல்-1 இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு. கழுத்தில் ஏழு, மார்பில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து என மேலிருந்து கீழே எண்ணும்போது அது இருபதாவது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் ஏறத்தாழ எல்-1, எல்-2 எலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புக் கற்றைகள் மட்டும் செல்கின்றன. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும்போது மருத்துவர்கள் அதற்கும் கீழான இடைவெளியைத் தேடுவது இதனால்தான். உயரத்திலிருந்து விழுபவர்களுக்கு அடிக்கடி முறிவதும் மார்பின் கடைசி எலும்பான டி-12, எல்-1 சேருமிடம்தான். விலா எலும்புகள் பிடித்திருப்பதால் மார்பு முதுகு விறைப்பானது, இடுப்பு வளைந்துகொடுப்பது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் விசை குவிகிறது. சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளியின் அறிக்கையிலும் தென்னையிலிருந்து விழுந்தவரின் அறிக்கையிலும் இந்தக் குறியை மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் எழுதுகிறார்கள்.

இங்கே சிக்கல், எல்லாருக்கும் எண்ணிக்கை ஒன்றாக இல்லை என்பது. சிலருக்கு இடுப்பின் கடைசி எலும்பு கீழே உள்ள திருவெலும்போடு ஒட்டியிருக்கும். சிலருக்குத் திருவெலும்பின் முதல் துண்டு பிரிந்து ஆறாவது இடுப்பெலும்பு போலத் தோன்றும். எல்-1 மீதே குட்டை விலா ஒன்று முளைத்திருப்பதும் உண்டு. கீழிருந்து மேலே எண்ணிய மருத்துவரும் மேலிருந்து கீழே எண்ணிய மருத்துவரும் அப்போது இரண்டு வேறு எலும்புகளை ஒரே பெயரால் அழைப்பார்கள். அறுவைச் சிகிச்சை தவறான மட்டத்தில் நடந்துவிடும் ஆபத்துக்கு இது அறியப்பட்ட காரணம். நான் பார்த்தவற்றில் இந்தக் குறி மிகக் கனமாக இருப்பது இந்த இடத்தில்தான்.

எண்ணும் இடம் மாறுவதால் வரும் குழப்பம் இது. காலம் மாறுவதால் வரும் குழப்பத்தைப் பார்க்க மரபணு ஆய்வுக்குப் போக வேண்டும். தந்தைவழி ஒய் குரோமோசோமின் கிளைகளில் எல் என்று ஒன்று உண்டு. இந்தியாவில், சிறப்பாகத் தென்னிந்தியாவில், கணிசமாகக் காணப்படும் அதன் உட்கிளையை 2006 அளவில் வெளிவந்த ஆய்வுகள் எல்-1 என்றன. பின்னர் இந்தக் கிளைகளின் மரத்தில் புதிய கணுக்கள் தெரியவந்தபோது எல்-1 என்ற பெயர் மேலேறிப் பெரிய கிளைக்குப் போய்விட்டது. பழைய எல்-1 உட்பிரிவுப் பெயர் பெற்றது. தாய்வழி மரபிலும் எல் உண்டு. அது ஆப்பிரிக்காவின் மிகப் பழைய கிளைகளுக்கான எழுத்து. அங்கும் முன்பு எல்-1 என்றிருந்தவற்றில் ஒரு பகுதி 2003க்குப் பிறகு எல்-0 எனப் பிரிக்கப்பட்டது. தமிழரின் தோற்றம் பற்றி மேடையிலும் இணையத்திலும் இன்று நடக்கும் சூடான விவாதங்களில் இந்த எழுத்துகள் தாராளமாகப் புழங்குகின்றன. தந்தைவழி எல்லைத் தாய்வழி எல்லோடு சேர்த்து, ‘ஆப்பிரிக்காவில் உள்ள எல் இங்கும் இருக்கிறது’ என்று முடிவுகட்டுவது எழுத்தொற்றுமையை உறவாக எடுத்துக்கொள்வதாகும். வெவ்வேறு பதிவேடுகளில் தனித்தனியே தரப்பட்ட எழுத்துகள் அவை.

காசநோய்க் கிருமியின் கிளைகளுக்கும் இதே எழுத்து. மனிதரைத் தாக்கும் காசநோய்க் கிருமிகளை மரபணு வேறுபாடுகளைக் கொண்டு கிளைகளாகப் பிரித்தபோது எல்-1 என்ற எண்ணைப் பெற்றது இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் பரவிய கிளை. தென்னிந்தியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை ஆகியவை அதன் பரப்பு. தமிழ்நாட்டில் காசநோய் வந்தவர்களிடம் பெரும்பாலும் காணப்படுவது இந்த எல்-1. வட இந்தியாவில் எல்-3 மிகுதி. குறி வருவதற்கு வெகுகாலம் முன்பே சென்னையில் இதன் நிழல் தென்பட்டது. 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில், நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் பல, பிரிட்டன் நோயாளிகளின் கிருமிகளைவிடக் கினிப்பன்றிகளில் வீரியம் குறைந்திருப்பதை 1960 வாக்கில் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். செங்கல்பட்டு வட்டாரத்தில் நடந்த பெரும் பிசிஜி தடுப்பூசிச் சோதனை, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று முடிந்தபோது, காரணம் தேடியவர்கள் எடுத்துப் பார்த்தவற்றுள் இந்த வேறுபாடும் ஒன்று. உலகின் ஆய்வுகளில் பெரும்பங்கு வேறு கிளைகளின் மீது நடந்திருக்கிறது. நம் ஊர்க் கிருமிக்கு முதல் எண் கிடைத்தது. முதல் கவனம் கிடைக்கவில்லை. அது கிடைக்க வேண்டும்.

நோய்த்தடுப்பில் இன்னொரு எல்-1 நமக்கு நன்மை செய்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் மரபணுக்களில், தொற்றின் பிற்கட்டத்தில் வேலை செய்பவை இரண்டு: எல்-1, எல்-2. முற்கட்டத்தில் வேலை செய்பவற்றுக்கு இ என்ற எழுத்து. எல்-1 உருவாக்கும் புரதம் தனியாக விட்டாலே கூடிச் சேர்ந்து, உள்ளே ஒன்றுமில்லாத வைரஸ் கூடு போல உருண்டுகொள்ளும். 1991இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இயான் ஃபிரேசரும் ஜியான் ஜோவும் எல்-1, எல்-2 இரண்டையும் சேர்த்து இத்தகைய கூட்டைச் செய்துகாட்டினர். அந்த வெற்றுக் கூடுதான் தடுப்பூசி. இந்தியாவில் 2022இல் அனுமதி பெற்று 2023இல் வந்த செர்வாவாக்கும் இதே எல்-1 புரதத்தால் ஆனது.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். அமெரிக்காவின் எல்-1 விசா, ஒரு நிறுவனம் தன் வெளிநாட்டு ஊழியரைத் தன் அமெரிக்கக் கிளைக்கு மாற்றுவதற்கானது. மேலாளருக்கு அதிகபட்சம் ஏழாண்டு, சிறப்பறிவு உள்ளவருக்கு ஐந்தாண்டு. அந்த எழுத்துக்கு எந்தச் சொல்லும் மூலம் இல்லை. குடியேற்றச் சட்டத்தில் விசா வகைகள் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. 1970இல் திருத்தம் வந்தபோது திருமணம் நிச்சயமானவர்களுக்குக் கே கிடைத்தது, அடுத்து வந்தவர்களுக்கு எல். மென்பொருள் நிறுவனங்களில் எல்-1 என்பது வாடிக்கையாளரின் புகாரை முதலில் எடுக்கும் படி. சிக்கல் முற்றினால் எல்-2, எல்-3 என்று மேலே போகும். கணினிச் சில்லுக்குள்ளோ எல்-1 என்பது கணிப்பகத்துக்கு மிக நெருங்கிய, மிகச் சிறிய, மிக வேகமான நினைவகம். ஒரே ‘மட்டம்’ என்ற பொருளில் வந்த இரண்டு குறிகளில் ஒன்றில் முதல் என்பது தொடக்கநிலை, மற்றதில் உச்சம். மூன்று கட்ட மின்சாரத்தில் நம் மின்பணியாளர்கள் ஆர், ஒய், பி என்று நிறத்தால் சொல்லும் கம்பிகளை வெளிநாட்டு இயந்திரங்கள் எல்-1, எல்-2, எல்-3 என்கின்றன. கணிதத்தில் அது லெபேக் என்ற பிரெஞ்சுக்காரரின் எழுத்து. வாகன வகைப்பாட்டில் வேகம் குறைந்த மொபெட். டெல்லியில் மதுபான மொத்த விற்பனை உரிமம்.

மொழிக் கல்வியில் எல்-1 என்பது குழந்தை முதலில் பெற்ற மொழி. இதில் மட்டும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராட்டிரமோ பேசி வளர்ந்து, பள்ளியில் பகுதி 1 ஆகத் தமிழ் படிக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஏராளம். பாடத்திட்டத்தின் முதல் மொழியும் ஆய்வாளர் சொல்லும் எல்-1உம் அவர்களுக்கு வேறுவேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஆசிரியர் திட்டமிட்டால், அந்தப் பிள்ளை தன் வீட்டு மொழியின் ஒலியமைப்பிலிருந்து கொண்டுவரும் எழுத்துப்பிழை சோம்பேறித்தனமாகத் தெரியும்.

இத்தனையும் பரப்பி வைத்துப் பார்த்தால், எழுத்து நான்கு வழிகளில் வந்திருப்பது தெரிகிறது: ஒருவரின் பெயர், ஒரு சொல்லின் முதலெழுத்து, சட்டத்திலோ பதிவேட்டிலோ காலியாக இருந்த இடம், முன்பே யாரோ வைத்த பட்டைப் பெயர். எண் சொல்வது இடம், தரம், படி, கண்டறிந்த வரிசை ஆகியவற்றில் ஏதோ ஒன்று. எழுத்தை விரித்துப் பொருள் காண முயல்வதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. வரிசை எங்கே முடிகிறது என்று பார்ப்பது. விசாவும் வைரஸ் புரதமும் இரண்டோடு நின்றுவிடும். மின்கட்டங்கள் மூன்று. முள்ளெலும்பும் விண்வெளிப் புள்ளியும் ஐந்து. ஒப்பந்தப்புள்ளிக்கு எல்லை இல்லை. எல்-14 என்று கண்டால் பெரும்பாலும் அது விலை பற்றிய பேச்சு. பக்கத்தில் டி-12 இருந்தால் முதுகு, இ-6 இருந்தால் வைரஸ். தனியாக நிற்கும் எல்-1 எதையும் சொல்லாது.

எழுத்து வடிவமும் ஒத்துழைப்பதில்லை. ஆங்கிலச் சிறிய எழுத்து எல்லும் எண் ஒன்றும் பல அச்சுகளில் ஒரே கோடுதான். சிறிய எழுத்தில் இந்தக் குறியை எழுதினால் பதினொன்று என்று படிக்கலாம். லிட்டருக்குச் சிறிய எழுத்தோடு பெரிய எழுத்தையும் பயன்படுத்தலாம் என்று 1979இல் எடைகள், அளவுகளுக்கான பொது மாநாடு ஒப்புக்கொண்டது இந்தக் குழப்பத்தால்தான்.

தீர்வுகள் ஏற்கெனவே சில துறைகளில் நடைமுறையில் உள்ளன. மரபணு ஆய்வாளர்கள் இப்போது எல்-1 என்று மட்டும் விடாமல், அந்தக் கிளையை அடையாளம் காட்டும் மாற்றத்தின் பெயரையும் சேர்த்து எல்-எம்27 என்பதுபோல எழுதுகிறார்கள். மரம் எப்படி மாறினாலும் எம்27 மாறாது. ஆதித்யாவின் பெயர் குறியைத் தனியே விடாமல் முன்னால் ஒரு சொல்லை வைத்திருக்கிறது. கொள்முதல் அறிவிப்பில் ‘மிகக் குறைந்த மதிப்பிட்ட விலை’ என்று தமிழில் ஒருமுறை எழுதி, கணக்கிடும் முறையை அதன் கீழே தருவதற்கு அரை வரி செலவாகும். முதுகுத்தண்டு அறிக்கையில் அந்த அரை வரி இன்னும் அவசியம். எந்த எலும்பிலிருந்து எண்ணினோம், இடுப்பில் ஐந்து எலும்பு இருந்ததா, கடைசி விலா எதில் ஒட்டியிருந்தது என்பதை எழுதும் கதிரியக்க மருத்துவர்கள் இருக்கிறார்கள், எழுதாதவர்களும் இருக்கிறார்கள். அறிக்கை எழுதியவர் ஒரு கட்டடத்தில் இருப்பார், அதைக் கையில் வைத்துக்கொண்டு முதுகைத் திறப்பவர் வேறு ஊரில் இருப்பார். இருவரும் ஒரே இடத்திலிருந்து எண்ணினார்கள் என்பதற்கு அந்த வரியைத் தவிர நோயாளியிடம் வேறு உறுதி இல்லை.